ஆறு விரல் பூனைக்கு நகவெட்டியா, கயிற்றுக் கட்டையா, கத்தியா?

ரங்கூன் தெருவில் வால் மடங்கிய பூனையை யாரும் நின்று பார்ப்பதில்லை. மடங்கின வால், குட்டை வால் எல்லாம் இந்த ஊரில் சர்வசாதாரணம். எங்கள் வீட்டுக் குண்டுவின் முன்னங்காலைப் பார்த்தால் மட்டும் மீன்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார். மற்ற பூனைகளுக்கு முன்னால் ஐந்தைந்து, பின்னால் நாலுநாலு, ஆக 18 விரல். குண்டுவுக்கு முன்னால் ஆறாறு, மொத்தம் 20. "ஆறு விரலா! அதிர்ஷ்டம்மா, யாருக்கும் குடுத்துடாதீங்க" என்பார் ஒவ்வொரு தடவையும். கின்னஸ் கணக்கில் 28 விரல் பூனையே உண்டு என்றால் நம்பமாட்டார்.

இது நோயில்லை, பிறவிக்கூறு. கருவில் கால் உருவாகும்போது எந்த மரபணு எங்கே வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதியில் ஏற்பட்ட சின்ன மாற்றம். தாய், தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. அமெரிக்காவின் கீ வெஸ்ட்டில் எழுத்தாளர் ஹெமிங்வே வாழ்ந்த வீட்டில் இன்றும் இப்படிப்பட்ட பூனைகள் கூட்டமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

விரலால் தொல்லையில்லை, நகத்தால்தான். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் முளைத்த அந்த ஆறாவது விரல் தரையைத் தொடுவதே கிடையாது. அதனால் நகம் தேயாமல் வளைந்துகொண்டே போகும். போன மழைக்காலத்தில் குண்டு நொண்டினான். ஈரத்தில் புண்ணாகியிருக்கும் என்று நினைத்தேன். தூக்கிப் பார்த்தால், நகம் மோதிரம் மாதிரி முழு வட்டம் அடித்து, மெத்தென்ற பாதத்துக்குள் நுனி இறங்கியிருந்தது. சுற்றிலும் சீழ். அன்றிலிருந்துதான் இந்த அலசல்.

முதலில் கயிற்றுக் கட்டை. ஒரு மரக்கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி வைத்தேன். நாற்காலியும் என் கைலியும் பிழைத்தன. அதற்காகவே கட்டை வேண்டும். ஆனால் பிராண்டும்போது பாருங்கள்: நடு நாலு விரல்தான் கயிற்றில் பதியும். ஆறாவது அந்தரத்தில் நிற்கும். எந்த நகத்துக்காகக் கட்டை வாங்குகிறோமோ அந்த நகத்தை அது தொடாது.

நகத்தின்மேல் பசை வைத்து ஒட்டும் பிளாஸ்டிக் உறையும் விற்கிறார்கள். நகத்தை வெட்டிய பிறகுதான் அதையே மாட்ட முடியும். அப்புறம் உறை எதற்கு?

ஆக, நகவெட்டி. இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஓட்டைக்குள் நகத்தை நுழைத்து அழுத்தும் வகை ஒன்று, கத்தரிக்கோல் மாதிரி இரண்டு வாய் உள்ளது ஒன்று. மற்ற நகங்களுக்கு எது வேண்டுமானாலும் ஆகும். வளைந்துபோன நகமோ ஓட்டைக்குள் நுழையவே நுழையாது. நுனிதான் பாதத்தை ஒட்டி வளைந்து நிற்கிறதே! கத்தரிக்கோல் வகை என்றால் பக்கவாட்டில் செருகி வெட்டிவிடலாம். நாம் பயன்படுத்தும் நெயில் கட்டர் மொண்ணையாக இருந்தால் நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும், தவிர்த்துவிடுங்கள்.

வெட்டும்போது உள்ளே ரோஜா நிறத்தில் தெரியும் சதையைத் தொடக்கூடாது, ரத்தம் கொட்டும். கரண்ட் போன ஒரு ராத்திரி தற்செயலாகக் கண்டுபிடித்தேன்: நகத்துக்குப் பின்னால் போன் டார்ச்சைப் பிடித்தால், வெள்ளை நகத்தில் சதை எதுவரை என்று பளிச்சென்று தெரியும். கருப்பு நகத்தில் தெரியாது. அதில் நுனியை மட்டும் துளித்துளியாக எடுக்க வேண்டியதுதான். தப்பித்தவறி ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து அழுத்திப் பிடியுங்கள். நகம் ஏற்கெனவே பாதத்துக்குள் போய்விட்டிருந்தால் வீட்டில் கை வைக்காதீர்கள், மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கடைசியாகக் கத்தி. சீழ் எடுக்கப் போன இடத்தில், "முன்னங்கால் நகம் எல்லாத்தையும் எடுத்துடலாமே" என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். நகத்தை எடுப்பது என்றால் வெறும் நகம் இல்லை. ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்பையே வெட்டி எடுப்பது. பிரிட்டனில் இதற்குத் தடை. நியூயார்க் மாநிலமும் 2019இல் தடை செய்தது. ஒரு நகத்துக்காகப் பன்னிரண்டு விரலை வெட்டுவது என்ன கணக்கோ! இரண்டு விரலுக்கு நடுவே நசுங்கி முளைத்து, திரும்பத்திரும்பச் சீழ் பிடிக்கும் அந்த ஒரு விரலை மட்டும் எடுப்பது வேறு விஷயம். அது நியாயமான சிகிச்சைதான். கருத்தடை செய்யும்போதே, அதே மயக்கத்தில் முடித்துவிடலாம்.

குண்டுவுக்கு அந்த நிலை வரவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழியும் நேரம் பார்த்து, ஆறாவது நகங்கள் இரண்டையும் முதலில் வெட்டிவிடுகிறேன். முன்னங்கால்களில் மீதிப் பத்தில் எத்தனை வெட்ட விடுவான் என்பது அன்றைக்கு அவன் மனசைப் பொறுத்தது.