லினக்ஸில் டிபிஎம்: எந்த நூலகத்தைப் பிடிப்பது?

டிபிஎம் சிப்புக்கு (குறியாக்கச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்புச் சிப்) டிரைவர் தேடி லினக்ஸில் யாரும் இப்போது அலைவதில்லை. 1.2 பதிப்புக்கான டிரைவர் 2005-லேயே லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் வந்துவிட்டது, 2.0-க்கான ஆதரவு 2015-இல், கெர்னல் 4.0-இல் வந்தது. தனிச் சிப் என்றாலும், செயலிக்குள் ஃபர்ம்வேராக ஓடுவது என்றாலும் டிரைவர் தயார். தலைவலி டிரைவருக்கு மேலே, நம் நிரல் டிபிஎம்முடன் பேச உதவும் நூலகத்தில் இருக்கிறது.

1.2 காலத்து டிரவுசர்ஸ் நூலகம் 2.0 சிப்புடன் பேசாது, அதை விட்டுவிடலாம். மிஞ்சுவது இரண்டு: இன்டெலில் தொடங்கிய டிபிஎம்2-டிஎஸ்எஸ், ஐபிஎம்மின் டிஎஸ்எஸ். இரண்டுமே பிஎஸ்டி உரிமம்.

ஐபிஎம்முடையது எளிமையானது. எந்தக் கட்டளையானாலும் ஒரே ஃபங்ஷன்தான்: உள்ளீட்டை நிரப்பி அழைத்தால் விடை கையில். டிபிஎம் எப்படி வேலை செய்கிறது என்று படிக்க இதைவிடத் தோதானது கிடையாது. மற்றதில் அடுக்கு மேல் அடுக்கு. அதன் உச்சியில் உள்ள அடுக்கான ஃபாபி (FAPI), வேலையைச் சுலபமாக்கத்தான் வந்தது. ஆனால் கான்ஃபிக் கோப்பு, ப்ரொஃபைல், முன்கூட்டியே ப்ரொவிஷன் (டிபிஎம்மைத் தயார்செய்தல்) என்று அதற்கே தனிச் சடங்கு. நான் நடு அடுக்கான ஈசாபியோடு (ESAPI) நின்றுவிடுவேன்.

அப்புறம் இடப் பற்றாக்குறை. பல சிப்புகளில் ஒரே சமயத்தில் மூன்று சாவிகளைத்தான் ஏற்றி வைக்க முடியும். அவற்றை மாற்றி மாற்றி ஏற்றி இறக்க முன்பு ஏபிஆர்எம்டி என்ற டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) வேண்டியிருந்தது. கெர்னல் 4.12 முதல் டிபிஎம்ஆர்எம்0 (/dev/tpmrm0) என்ற சாதனமே அதைப் பார்த்துக்கொள்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு டீமன் வீண் சுமை. இதில் ஒரு பொறி: சாதனத்தை மூடியதும் ஏற்றிய சாவிகளைக் கெர்னல் துடைத்துவிடும். ஐபிஎம்மின் கட்டளைக் கருவிகளில் முதல் கட்டளை தந்த ஹேண்டிலை (ஏற்றிய சாவியைக் குறிக்கும் எண்) அடுத்த கட்டளைக்குக் கொடுத்தால், அங்கே ஒன்றும் இருக்காது. நேரடிச் சாதனமான டிபிஎம்0-வில் (/dev/tpm0) ஓட்டினால் ஹேண்டில் தங்கும்; ஆனால் அங்கே இடத்தை நீங்களே காலி செய்ய வேண்டும். டிபிஎம்2-டிஎஸ்எஸ்ஸின் கட்டளைக் கருவிகளான டிபிஎம்2-டூல்ஸ், கான்டெக்ஸ்டை (ஏற்றிய சாவியின் நிலை) கோப்பில் சேமித்து அடுத்த கட்டளைக்குக் கொண்டுபோகிறது.

பழகிப் பார்க்க ஐபிஎம், சரி. மற்றவர் கணினிக்குப் போகும் நிரல் என்றால் டிபிஎம்2-டிஎஸ்எஸ்தான். டிஸ்க் குறியாக்கச் சாவியை டிபிஎம்மில் பூட்டும் வசதி, லினக்ஸைத் துவக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 248-ஆம் பதிப்பில் வந்தபோது அது இந்த நூலகத்தின் மேல்தான் கட்டப்பட்டது. அதனால் பயனரின் கணினியில் அது ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.