நிஜச் சூரியனா, பழைய ஐமாக்ஸ் புரொஜெக்டரா?

சூரியனை நெருங்கி ஆராய 2018 ஆகஸ்டில் கிளம்பிய நாசாவின் பார்க்கர் விண்கலத்தில் ஒரு கருவி வெப்பக் கேடயத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கும். சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்துகள்களை, பிடிக்கும் சின்னக் கோப்பை அது. டைட்டானியம், சிர்கோனியம், மாலிப்டினம் கலந்த உலோகத்தில் செய்தது. உருகுநிலை சுமார் 2,350 டிகிரி செல்சியஸ். சரி, அனுப்புவதற்கு முன் இதை எப்படிச் சுட்டுப் பார்ப்பது? இரண்டு வழிகளில் சோதித்தார்கள்.

ஒன்று, பிரான்ஸின் பிரனீஸ் மலையில் உள்ள ஒடெயோ சூரிய உலை. சரிவில் 63 பெரிய கண்ணாடித் தட்டுகள் வெயிலைத் திருப்பிவிட, எதிரே நிற்கும் மாபெரும் குழிக்கண்ணாடி அதை ஒரு சிறு இடத்தில் குவிக்கிறது. 3,000 டிகிரிக்கு மேல் போகும். விறகோ எரிவாயுவோ இல்லாததால் புகையும் சாம்பலும் மாதிரியில் படியாது. ஆனால் ஒரு மேகம் வந்தால் வேலை நின்றுவிடும்!

இன்னொன்று, செகண்ட் ஹேண்டில் வாங்கி மாற்றியமைத்த ஐமாக்ஸ் (ராட்சதத் திரை சினிமா) புரொஜெக்டர்கள். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் அந்த விளக்கின் வெப்பநிலை சூரியப் பரப்பை ஒட்டி வருகிறது. இரவு, மழை எதுவும் பிரச்சினையில்லை. வெற்றிட அறைக்குள் கோப்பையை வைத்து, கூடவே சூரியக் காற்றைப் போலத் துகள் கற்றையையும் பாய்ச்சலாம்.

அளவெடுத்துத் திரும்பத் திரும்பச் செய்ய எனக்குப் புரொஜெக்டர்தான் வசதி. பொருள் தாங்குமா என்ற முரட்டுக் கேள்விக்கு ஒடெயோ.