பருத்திப்பால் மாவு: ருசியில் குறையில்லை, லேபிளில்தான் குறை

மதுரையில் ஒரு பலசரக்குக் கடையில் உடனடிப் பருத்திப்பால் மாவு வாங்கினேன். 200 கிராம், 140 ரூபாய். ருசியை முதலில் சொல்லிவிடுகிறேன். சுக்கு மணம் தூக்கலாக இருக்கிறது, ஏலக்காய் அளவோடு நிற்கிறது. இனிப்புக்கு நல்ல கருப்பட்டிதான் போட்டிருக்கிறார்கள். டம்ளரின் அடியில் மண் தங்கவில்லை. பச்சரிசி மாவு மட்டும் கொஞ்சம் கூடுதல். ஆறினால் பால் கூழாக இறுகிவிடுகிறது. வெந்நீரில் கலக்கி இரண்டு நிமிடம் வைத்தால் போதும் என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறது. அதை நம்பாதீர்கள். அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே நன்றாகக் கொதிக்க விடுங்கள். பருத்தி விதையில் பொதுவாகக் கொசிப்பால் என்ற இயற்கை நச்சு உண்டு. சூட்டில்தான் அதன் வேகம் குறையும். நம் பாட்டிமார் காரணம் தெரிந்தோ தெரியாமலோ பருத்திப்பாலை வெகுநேரம் காய்ச்சினார்கள். இறக்கும்போது தேங்காய்த் துருவல் போட்டால் வண்டிக்கடை ருசி முக்கால்வாசி வந்துவிடுகிறது.

பின்பக்கத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறது, உரிம எண் இருக்கிறது, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று அட்டவணையும் இருக்கிறது. எந்தப் பருத்தியின் விதை என்று மட்டும் ஓர் எழுத்துகூட இல்லை. வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஜின்னிங் மில்லில் மொத்தமாக வாங்குகிறோம் மேடம், ரகமெல்லாம் பார்ப்பதில்லை" என்றார் எடுத்த பெண். அவர் மறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. இதற்கு முன் யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்களுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம், கரிசல் காடு. அப்பா கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தியை விதைத்த காலத்தில், எடுத்து வைத்த விதையை அம்மா இரவே ஊறப்போட்டு, ஆட்டுரலில் ஆட்டி, வெள்ளைத் துணியில் பிழிந்து மூன்று முறை பால் எடுப்பார். விதை எங்கள் காட்டு விதை என்பதால் கேள்விக்கே இடமில்லை. இன்று இந்தியாவில் பருத்தி விளையும் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. பருத்திதான். காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உண்டாக்கிக்கொள்ள ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த ரகம் அது. மில்லில் மொத்தமாக வாங்கிய விதை என்றால் பி.டி.யாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அதனால் உடம்புக்குக் கேடு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. கொதிக்கும்போது பெரும்பாலான புரதங்கள் உருக்குலைந்துவிடும் என்பதும் தெரியும். நான் கேட்பது தகவல். அதைத் தரவேண்டும் என்று சட்டமே சொல்லியிருக்கிறது. மரபணு மாற்றப்பட்ட உணவு உள்ள பொட்டலத்தின் முகப்பில், மேலே, 'ஜி.எம்.' என்று அச்சிட வேண்டும் என்பது எடையளவு விதிகளில் 2012இல் செய்த திருத்தம். 2013 ஜனவரி 1 முதல் நடைமுறை. இரண்டே எழுத்து. எந்தக் கடையிலும் எந்தப் பொட்டலத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை.

டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018இல் 65 உணவுப் பொருட்களைக் கடைகளில் வாங்கிச் சோதித்தது. 21 பொருட்களில் மரபணு மாற்றத்தின் தடயம் இருந்தது. பருத்தி விதை எண்ணெயும் அவற்றில் உண்டு. சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய மிஞ்சாது என்றாவது ஒரு சமாதானம் சொல்லலாம். பருத்திப்பால் அப்படியல்ல, விதையை முழுதாக அரைத்துப் பிழிவது.

கத்தரிக்காய்க்கு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. அந்த ஆராய்ச்சியில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு உட்பட ஏழு நகரங்களில் மக்களை நேரில் கேட்டார். விவசாயிகளும் விஞ்ஞானிகளும் ஒரே கூடத்தில் மோதிக்கொண்டார்கள். 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். காரணங்களையும் எழுத்தில் வெளியிட்டார். முடிவு சரியா தவறா என்று இன்னும் வாதாடலாம். கேட்டார்கள் என்பதுதான் பெரிது. பருத்தி 2002 மார்ச்சில் நூலுக்காக நுழைந்தது. அதன் விதை அடுப்பங்கரைக்கு வந்தபோது எங்களை யார் கேட்டார்கள்? வெளிநாட்டு ஆப்பிளும் அன்னாசியும் கப்பலில் வந்தால் மரபணு மாற்றம் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும், 2021 முதல் அதுதான் நடைமுறை. விருதுநகரிலிருந்து மதுரைக்கு லாரியில் வரும் விதைக்கு ஒரு தாளும் வேண்டியதில்லை.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் ஒரு வரைவு விதி வெளியிட்டது. மரபணு மாற்றப்பட்ட பொருள் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்றது. 2024 ஜூலையில், மரபணு மாற்றிய கடுகுக்குக் கொடுத்த அனுமதியை எதிர்த்த வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நாகரத்னா, சஞ்சய் கரோல் இருவரும் கடுகைப் பற்றி வேறுபட்டுத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் மாநிலங்களையும் விவசாயிகளையும் கலந்து தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதிலும், இறக்குமதியாகும் மரபணு மாற்ற எண்ணெய்க்கு லேபிள் சட்டம் பொருந்த வேண்டும் என்பதிலும் இருவரும் ஒன்றுபட்டார்கள். உள்ளூர்ப் பொட்டலத்துக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

மாசி வீதிப் பக்கம் வண்டி போடும் அண்ணாச்சியிடமும் விசாரித்தேன். "மில் விதைதான்மா. நாட்டு விதை கேட்டால் சிரிக்கிறார்கள்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. ஒரு பித்தளைப் பானையை வைத்துப் பிழைக்கிறவரிடம் சோதனைக் கூடச் சான்று கேட்பது நியாயமும் அல்ல. மில் வாசலிலேயே ரகம் பிரித்து எழுதினால் வண்டிக்காரருக்கும் கம்பெனிக்கும் பதில் கிடைத்துவிடும்.

வாங்கலாமா என்றால், மழைக்காலச் சளிக்கும் மாலைப் பசிக்கும் இந்த மாவு நல்ல துணை. ருசிக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், லேபிளுக்கு ஒன்றுதான். கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பி.டி. விதை என்றால் 'ஜி.எம்.' என்று போடுங்கள், கருங்கண்ணி விதை வாங்கி அரைத்தால் அதையும் போடுங்கள், முப்பது ரூபாய் கூட வைத்தாலும் வாங்குகிறேன் என்று கேட்டிருக்கிறேன். நீங்களும் வாங்கினால் அதே எண்ணுக்கு ஒரு போன் போட்டு, விதை எது என்று கேளுங்கள்.