செராமிக் கோட்டிங்கும் போர்த் தண்ணீரும்: காரைக்குடிப் பக்கத்து அனுபவம்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் பெயின்டைக் காக்க அதன்மேல் பூசும் மெல்லிய செராமிக் கோட்டிங் போட்டுச் சில கோடைகளைத் தாண்டிய வண்டிகளைப் பார்த்தால் ஒன்று புரியும். கோட்டிங்கை வெயிலைவிட அதிகமாகக் கெடுப்பது கழுவுகிற தண்ணீர். பளபளப்பு நிற்கிறது, செம்மண் அவ்வளவாக ஒட்டுவதில்லை, கழுவும் வேலையும் குறைகிறது. ஆனால் கறுப்பு, கருநீல வண்டிகளின் பானெட்டிலும் கூரையிலும் வெள்ளை வட்டப் புள்ளிகள் விழுந்துவிடுகின்றன. காசு வாங்கும்போது இதைக் கடைக்காரர் வாய்திறந்து சொல்வதில்லை.

காரணம் எளிது. கோட்டிங் போட்ட பரப்பில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். விளம்பரப் படங்களில் அதைத்தான் காட்டுவார்கள். அந்த முத்து போர்த் தண்ணீராக, அதாவது ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்து வெயிலில் காய்ந்தால், அதிலிருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்பெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து வட்டமாகப் படிகிறது. சில நூறு ரூபாய் கொடுத்து தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வீட்டுத் தண்ணீரை அளந்து பாருங்கள். 100-க்குக் கீழே காட்டினால் பெரிய கவலையில்லை. 300-ஐத் தாண்டினால் ஒரு சொட்டையும் வண்டிமேல் காயவிடக் கூடாது. நான்கு இலக்கம் காட்டும் போர்களும் இந்தப் பக்கம் உண்டு. ஆர்ஓ மெஷினின் கழிவு நீரைப் பிடித்து வண்டி கழுவுவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் உப்பு முழுக்க அதில்தான் கூடி நிற்கிறது. டயருக்கும் தரைக்கும் மட்டும் அது போதும்.

இதற்கு மாற்று செட்டிநாட்டு வீடுகளிலேயே இருக்கிறது. ஓட்டுச் சரிவில் வழிந்து முற்றத்தில் விழும் மழைநீரில் உப்பு மிகக் குறைவு. முதல் மழை தூசியை அடித்துக்கொண்டு போகட்டும், அடுத்த மழையில் பிடித்துத் துணியில் வடிகட்டி மூடி வையுங்கள். கழுவுவதெல்லாம் போர்த் தண்ணீரிலேயே நடக்கலாம். கடைசி அலசலுக்கு மட்டும் பத்து லிட்டர் மழைநீரைப் பூவாளியில் எடுத்து, கூரையில் தொடங்கிக் கீழே வரை விட்டால் புள்ளிப் பிரச்சினை பெருமளவு தீரும்.

விழுந்த புள்ளி புதிது என்றால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து அதன்மேல் ஒரு நிமிடம் போட்டு வைத்து, உடனே அலசிவிடுங்கள். நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது மட்டும். பெயின்ட் பூசாத அலுமினியத்தில் படக் கூடாது. எலுமிச்சையில் உப்பைத் தொட்டுத் தேய்ப்பது பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி, வண்டிக்கு வேண்டாம். பெயின்டின் மேலிருக்கும் 'கிளியர் கோட்' என்ற நிறமற்ற படலத்தையே உப்பு அரித்துப் பள்ளமாக்கியிருந்தால் பாலிஷ்தான் வழி. பாலிஷ் போட்டால் அந்த இடத்தில் கோட்டிங்கும் போய்விடும், மறுபடி பூச வேண்டும்.

கோட்டிங் என்றால் என்ன கனம் என்று நினைக்கிறீர்கள்? கம்பெனி பெயின்ட் மொத்தமே சுமார் 100 முதல் 140 மைக்ரான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 40-50. செராமிக் படலம் ஒன்றிரண்டு மைக்ரான் இருந்தால் அதிகம். பெட்டியில் போட்டிருக்கும் '9எச்' என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் கடினத்தன்மை அளவு மட்டும்தான். சாவியால் கீறினால் கீறத்தான் செய்யும், சரளைக்கல் தெறித்தால் பெயின்ட் உதிரத்தான் செய்யும். கல்லடிக்குப் பயந்தால் முன் பம்பருக்கும் பானெட்டுக்கும் மட்டுமாவது பிபிஎஃப் என்ற தடித்த பாதுகாப்பு பிளாஸ்டிக் படலம் ஒட்டுவதுதான் சரி, செலவு பல மடங்கு என்றாலும்.

வேலையின் தரம் பூசுவதைவிட அதற்கு முந்தைய தயாரிப்பில் இருக்கிறது. அயர்ன் ரிமூவர் அடித்தால் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் ஊதா நிறமாகக் கரைந்து வழியும். அதன்பின் இதற்கென்றே கடையில் விற்கும் 'கிளே பார்' கட்டியைத் தேய்த்து, டூயல் ஆக்‌ஷன் பாலிஷ் மெஷினில் சுழல் கீறல்களை எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையைத் துடைக்க வேண்டும். பாலிஷ் எண்ணெய் மிச்சமிருந்தால் கோட்டிங் பிடிக்காது. இங்குள்ள வெக்கையில் மருந்து நொடிகளில் இறுகிவிடும். இரண்டடிக்கு இரண்டடியாகப் பூசி உடனுக்குடன் துடைக்காத இடங்களில் வானவில் மாதிரித் திட்டு நிற்கும். மறுநாள் அதைத் துணியால் எடுக்க முடியாது, பாலிஷ்தான். அதனால் டெலிவரி எடுக்கும்முன் எல்இடி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து ஒவ்வொரு கதவையும் பாருங்கள். பிறகு 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது.

கழுவுவது காலை ஏழு மணிக்கு முன், நிழலில். முதலில் வீல், அதற்குத் தனி வாளி, தனி பிரஷ். பிறகு பிரஷர் வாஷரை ஒன்றரை அடி தள்ளிப் பிடித்து மண்ணை இறக்கி, நுரை அடித்து நாலைந்து நிமிடம் விட்டு, நுரை காயுமுன் அலசிவிட வேண்டும். கைவைப்பது அதற்குப் பிறகுதான். ஒரு வாளியில் பிஎச் நடுநிலை ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். தேய்க்கும் கையுறையை ஒவ்வொரு கதவுக்கும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்க வேண்டும். துடைக்க 800 ஜிஎஸ்எம்முக்கு (துணியின் கன அளவு) மேற்பட்ட டவல். அழுத்தாமல் விரித்துப் போட்டு இழுத்தால் போதும். அந்த டவலைத் துவைக்கும்போது கம்ஃபோர்ட் போன்ற மென்மையாக்கி சேர்த்தால் நார் அடைத்துக்கொண்டு தண்ணீரை உறிஞ்சாது. வாட்டர் சர்வீஸில் விட்டால் டயர் தேய்த்த பஞ்சே பானெட்டுக்கும் வரும், அடியில் டீசல் அடிப்பார்கள். டீசல் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புதுவயல் பக்கம் ரைஸ்மில் புகைபோக்கிகளிலிருந்து விழும் உமிச் சாம்பல் தனிக் கதை. அதில் பெரும்பகுதி சிலிக்கா. பார்க்க மென்மையாக இருந்தாலும் உலர்ந்த துணியால் தட்டினால் உப்புத்தாள் வேலை செய்யும். செம்மண் தூசிக்கும் இதே விதி: தண்ணீர் படாமல் துணி படக் கூடாது. மாம்பூக் காலத்தில் மரத்தடியில் நிறுத்தினால் தத்துப்பூச்சியின் பிசின் படிந்து, அதன்மேல் கரும்பூஞ்சை ஏறும். வெதுவெதுப்பான ஷாம்பு நீரில் ஊறவிட்டால் இறங்கும். பறவை எச்சத்தை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், வெயிலேறினால் கோட்டிங்கையும் தாண்டி அரிக்கும்.

பிள்ளையார்பட்டியில் பூஜை போட்ட புது வண்டிகளில் இன்னொன்றைக் கவனிக்கலாம். விபூதிப் பட்டையை விரலால் இழுத்த இடத்தில் மூன்று மெல்லிய கீறல், குங்குமம் வாரக்கணக்கில் இருந்த இடத்தில் சிவப்புக் கறை. சந்தனம் குங்குமத்தைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைக்கச் சொல்லலாம். ஐயர் கோபிக்க மாட்டார். மாலையின் கம்பி முனையைப் பெயின்டில் படாமல் திருப்பிவிடுங்கள்.

தண்ணீர் முத்தாக நிற்காவிட்டால் கோட்டிங் போய்விட்டது என்று உடனே மறுபூச்சுக்குப் பணம் கட்டாதீர்கள். பல சமயம் உப்பும் தூசியும் அடைத்திருக்கும். அயர்ன் ரிமூவரும் அமில ஷாம்புவும் போட்டுக் கழுவிப் பாருங்கள். மறுபடி முத்து நின்றால் கோட்டிங் உயிரோடு இருக்கிறது, மேலே ஒரு சிலிக்கா ஸ்பிரே அடித்தால் சில மாதம் தாங்கும்.

ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் ஷெட்டில் விடும் வண்டிக்கு, கழுவி நன்றாகக் காயவைத்த பிறகுதான் உறை போட வேண்டும். தூசியோடு மூடினால் காற்றில் உறை அசைந்து அசைந்தே பெயின்டைத் தேய்க்கும். ஈரத்தோடு மூடினால் புழுங்கும். மூடிய ஷெட்டில் மெல்லிய பருத்தி உறை போதும். காற்றுப் போகாத பிளாஸ்டிக் உறை கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, டயரில் வழக்கத்தைவிட ஐந்து பிஎஸ்ஐ கூட்டி, கிளம்பும்முன் பானெட்டைத் திறந்து எலி வந்த தடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.