தனிச் சிதையா, ஊர்ச் சிதையா: பாலியில் ஒரு குடும்பத்தின் தெரிவு

பாலித் தீவின் இந்துக்கள் 'ஙாபென்' எனும் தகனச் சடங்கைத் தனியாகவும் நடத்தலாம். ஊரோடு சேர்ந்தும் நடத்தலாம். தனிச் சடங்கில் நாள் குறிப்பது முதல் காளை வடிவப் பேழையும் உயர்ந்த பாடையும் செய்விப்பது வரை பெரும்பாலானவை குடும்பத்தின் விருப்பப்படி அமையும். ஆனால் படையல், பூசகர், கமெலான் இசை, உதவிக்கு வருவோருக்கான சாப்பாடு என்று செலவு பெருகுவதால், நிலத்தை விற்றுச் செய்தவர்களும் உண்டு. கூட்டுச் சடங்கில் இச்செலவைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன. எனினும் அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே நடப்பதால், அதுவரை உடலை இடுகாட்டில் புதைத்துவைத்து, பின்னர் எலும்புகளைத் தோண்டியெடுத்து எரிக்க வேண்டியிருக்கிறது. தகனம் முடியும்வரை ஆன்மா விடுதலை பெறாது என்பது நம்பிக்கையாதலால், இந்தக் காத்திருப்பு உறவினரை உறுத்தவே செய்யும். தனிச் சடங்கிலும் ஊரார் ஒதுங்கி நிற்பதில்லை. 'பஞ்சார்' எனும் ஊர்க்குழுவினரே பாடையைச் சுமந்து, ஆவி வீட்டுக்கு வழி கண்டு திரும்பாதபடி நாற்சந்தியில் அதைச் சுழற்றுகிறார்கள். வசதியுள்ளவருக்குத் தனிச் சடங்கு கௌரவம்தான். கடன் வாங்கியே செய்ய வேண்டிய குடும்பத்துக்கோ, காத்திருக்க நேர்ந்தாலும், கூட்டுச் சடங்கே பொருத்தமானது என்பேன்.