பெயர் தெரியாத ஹாப்ஸ் கொடி: ஆய்வகமா, மூக்கா?

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள வில்லமெட் பள்ளத்தாக்கில் நாங்கள் வாங்கிய வீட்டோடு இரண்டு ஹாப்ஸ் கொடிகளும் வந்தன. பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற அதே ஹாப்ஸ்தான். என்ன ரகம் என்று எழுதிய அட்டை எதுவும் இல்லை. ஒரு வருடம் அதன் கூம்புகளை, அதாவது கூம்பு வடிவப் பூக்களை, ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மறு வருடம் கசக்கி முகர்ந்து பார்த்தேன். இரண்டே அறுவடை அனுபவம்தான், ஆனாலும் என் ஓட்டு மூக்குக்கு.

ஆய்வகம் சொல்வது முக்கியமாக, கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலத்தின் அளவு. முதல் கொடியில் 6%. கேஸ்கேட் ரகத்துக்கு வழக்கமான அளவே 4.5 முதல் 7 வரை; சென்டேனியல் என்றால் 10ஐ ஒட்டி வந்திருக்கும். சரி, ஒன்று முடிந்தது. இரண்டாவதில் 12.5%. சினூக், நக்கெட், மேக்னம் மூன்றுமே அந்த அளவில் வரக்கூடியவை. காசு கொடுத்தும் குழப்பம் தீரவில்லை.

மூக்குக்கு அது பெரிய வேலையாக இல்லை. முதல் கொடியில் பம்ளிமாஸ் தோல் வாசனை. கேஸ்கேட் என்பது உறுதியானது மாதிரிதான். இரண்டாவதில் பைன் பிசின் நெடி, பின்னால் லேசாக மசாலாக் காரம். மேக்னம் இவ்வளவு சத்தம் போடாது, நக்கெட்டில் பச்சிலை மணம்தான் தூக்கலாக இருக்கும். ஆகவே சினூக் என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் எல்லாம் பறிக்கும் நாளில்தான் இருக்கிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் அவசரப்பட்டு முகர்ந்தபோது இரண்டுமே வெட்டிய புல் மாதிரி இருந்தன. ரொம்ப விட்டுவிட்டால் வெங்காய வாடை வந்துவிடும். கூம்பை அழுத்தினால் காகிதம் போலச் சரசரத்து, விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்ப வேண்டும். நீளவாக்கில் பிளந்தால் உள்ளே இருக்கும், கசப்பும் மணமும் தங்கிய லுபுலின் தூள் வெளிர் மஞ்சளிலிருந்து அடர் மஞ்சளுக்கு வந்திருக்க வேண்டும். கொடியின் உச்சியிலும் அடியிலும் பறித்து, கலந்து, உலர்த்திய பிறகே முகருங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், தண்டிலுள்ள கொக்கி முடிகள் கையைக் கீறிவிடும். ஆய்வகத்துக்கும் இதே கதிதான்: பிஞ்சை அனுப்பினால் பிஞ்சின் எண்தான் வரும்.

இரண்டு வழியும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. ஹாப்ஸில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. அதனால் விதை விழுந்து முளைத்த கொடியென்றால் அது இரண்டின் கலப்பு, அதற்கு ரகப் பெயரே கிடையாது. அப்படிப்பட்ட கொடியா என்பதை மரபணுச் சோதனை மட்டுமே சொல்லும். நான் அதுவரை போகவில்லை.

வீட்டில் பீர் காய்ச்சும்போது, கசப்புக்கு மட்டும் இன்றும் ஆல்ஃபா அளவு அச்சிட்ட பொட்டலத்தைக் கடையில் வாங்குகிறேன். வீட்டுக் கூம்புகள் கொதி முடியும் நேரத்தில், மணத்துக்காகப் போகின்றன.