பில்லின் கடைசி வரி: சுண்டலின் மருத்துவரோடு ஏழு ஆண்டுகள்

நாய்க்குட்டி வாங்கவிருக்கும் நண்பர் ஒருவர், எந்த மருத்துவரிடம் போகலாம், மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று நேற்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை; எங்கள் சுண்டலுக்கு நகம் வெட்டிக்கொண்டு வந்ததற்கான பில் அப்போதுதான் என் கையில் இருந்தது.

சுண்டல் நாட்டு நாய். வயது ஏழு, எடை 20 கிலோவுக்குச் சற்று மேல். அந்தச் 'சற்று மேல்' எனக்குத் தனிச் செலவு. உண்ணிக்காகக் கொடுக்கும் பிராவெக்டோ மாத்திரை 10 முதல் 20 கிலோ வரை ஒரு பெட்டி, அதற்கு மேல் 40 கிலோ வரை விலை கூடிய இன்னொரு பெட்டி என்பதால், 12 வாரத்துக்கு ஒருமுறை அவன் தராசில் ஏறும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இருந்தாலும் அதை நிறுத்தமாட்டேன். 2021இல் உண்ணிக் காய்ச்சல் வந்தபோது, குறைந்தது 2 லட்சமாவது இருக்க வேண்டிய ரத்தத் தட்டணு 38,000க்கு இறங்கிவிட்டது. 28 நாள் கொடுத்த டாக்ஸிசைக்ளின் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் மலிவான மாத்திரைதான். டிரிப்ஸும் திரும்பத் திரும்ப எடுத்த ரத்தப் பரிசோதனைகளும் சேர்ந்துதான் 14,000 ரூபாயை விழுங்கின.

அவனுக்கென்றே அஞ்சலகத்தில் மாதம் 1,000 ரூபாய் ஆர்.டி. போட்டு வந்தேன். அப்போது பத்துத் தவணை முடிந்திருந்தது. மூன்றாண்டுக்கு முன் கணக்கை முடிக்க இயலாது, கடன் வாங்கவும் 12 தவணை கட்டியிருக்க வேண்டும் என்பது கவுன்டரில் நின்றபோதுதான் தெரிந்தது. இப்போது தனிச் சேமிப்புக் கணக்கில் மாதம் 1,500 போடுகிறேன். ஆண்டுத் தடுப்பூசியும் உண்ணி மாத்திரையும் போகக் கொஞ்சம் மிஞ்சுகிறது.

மருத்துவமனைக்கு வருகிறேன், பெயர் வேண்டாம். அங்கே பில்லின் கடைசியில் 'மிசலேனியஸ்' என்றொரு வரி எப்போதும் இருக்கும். ஒருமுறை 80, ஒருமுறை 350. கேட்டால் "பஞ்சு, கையுறை, ஸ்பிரிட் சார்" என்பார்கள். எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேட்டாலோ, "பார்த்துக்கலாம் சார்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. நேற்று பஞ்சும் இல்லை, கையுறையும் இல்லை; நகம் வெட்ட 300, மிசலேனியஸ் 150.

காய்ச்சல் தணிந்தபின் வயிற்று ஸ்கேனுக்காக அதே மருத்துவர் எங்களை வேப்பேரிக்கு அனுப்பினார். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. ஒவ்வொன்றுக்கும் முதலில் ரசீது, பிறகுதான் வேலை. தொகையோ நான் வழக்கமாகக் கட்டுவதில் ஒரு சிறு பங்குதான். பேராசிரியர் விளக்க, மாணவர்கள் ஐந்தாறு பேர் சுற்றி நின்று சுண்டலின் வயிற்றைப் பார்த்தார்கள். தனக்கு இத்தனை பேர் கூடியதில் அவனுக்கும் பெருமைதான். அரை நாள் ஒதுக்க முடிந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதே இல்லை.

ஆனால் சுண்டலுக்கு மேசை என்றால் பயம்; ஏற்றினால் சிறுநீர் கழித்துவிடுவான். எங்கள் மருத்துவர் அதை முதல் நாளே கவனித்தார். அன்றிலிருந்து, வெள்ளைக் கோட்டை மடித்துக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் ஊசி போடுகிறார். இவன் தானாகவே போய் அவர் மடியில் முகவாயை வைத்துக்கொள்கிறான். அதற்கு அவர் தனிக் கட்டணம் எதுவும் போடுவதில்லை. போட்டிருந்தால் கொடுத்திருப்பேன், அந்த வரிக்காவது பொருள் இருந்திருக்கும்.

ஆகவே நண்பருக்கு என் மதிப்பெண்: ஐந்துக்கு இரண்டு, வேப்பேரிக்கே போகவும். சுண்டலுக்கு அடுத்த மாதம் வெறிநோய்த் தடுப்பூசி. பில்லை மடித்துப் பையில் வைக்கும் முன் அதே கவுன்டரில் முன்பதிவு செய்துவிட்டுத்தான் வந்தேன்.